பிள்ளை பார்த்தது எங்கே போகிறது?

நீங்கள் ஒருநாளும் சொல்லிக்கொடுக்காத வசைச்சொல் உங்கள் நான்கு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வருகிறது. அதுவும் விருந்தாளி முன்னால். எங்கே கற்றது? யாரோ பேசும்போது கவனித்திருக்கிறது. பிறர் செய்வதைப் பார்த்தே ஒன்றைப் பழகிக்கொள்வதைப் 'பார்த்துக் கற்றல்' என்கிறார்கள்.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே? தெரிந்ததுதான். ஆனால் ஒருவர் தானே பரிசோ தண்டனையோ பெற்றால்தான் அவர் நடத்தை மாறும் என்று அமெரிக்க உளவியலாளர் பலர் நெடுநாள் நம்பினார்கள். அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

அவர் என்ன செய்தார்? 1961-இல் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் 72 பேரை அழைத்தார். அவர்களில் 24 பேர் கண்முன்னே பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தினார், உதைத்தார், சுத்தியலால் அடித்தார். நம் தஞ்சாவூர் பொம்மைபோல, சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் பொம்மை அது. பிறகு பொம்மையிடம் விட்டபோது, அந்தப் பிள்ளைகளில் பலர் அதே அடியை அதே விதமாக அடித்தார்கள். அடிக்கும்போது அந்தப் பெரியவர் சொன்ன சொற்களையும் சொன்னார்கள். அப்படிப் பார்க்காத பிள்ளைகளிடம் இது மிகக் குறைவு.

'என் பிள்ளை பார்த்தது, ஆனால் செய்யவில்லையே' என்கிறீர்களா? நீங்கள் கட்டாயம் அறிய வேண்டியது இதுதான். 1965-இல் பண்டூரா ஒரு படம் காட்டினார். சில பிள்ளைகள் பார்த்த படத்தில், பொம்மையை அடித்தவருக்குத் திட்டு விழுந்தது. அவர்கள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், 'அவர் செய்ததைச் செய்து காட்டினால் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருகிறேன்' என்றதும், வேறு முடிவைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சமமாகச் செய்து காட்டிவிட்டார்கள்! பார்த்தது உள்ளேயே இருந்தது. வெளியே வர ஒரு காரணம் மட்டும் வேண்டியிருந்தது.

ஆகவே, சின்னவனுக்குப் பாடமாகட்டும் என்று அவன் எதிரில் அண்ணனை அடிக்காதீர்கள். சின்னவன் அந்தத் தவறை உங்கள் எதிரில் செய்யாமலிருக்கக்கூடும். ஆனால் கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதையும் கூடவே பார்த்துக்கொள்கிறான். 'அப்பா வீட்டில் இல்லை என்று சொல்' என வாசலுக்கு அனுப்பினாலும் இதே கதைதான். அதைவிட நேரான பொய்ப்பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

ஏற்கெனவே கோபப்பட்டுவிட்டீர்களா? பார்த்ததை அழிக்க முடியாது. ஆனால் அடுத்து நடப்பதையும் பிள்ளை பார்க்கட்டும். யாரைத் திட்டினீர்களோ அவரிடம், பிள்ளை எதிரிலேயே, 'நான் கத்தியது தப்பு' என்று சொல்லுங்கள்.

அப்படியானால் சண்டைப் படம் பார்க்கிற பிள்ளை எல்லாம் முரடாகிவிடுமா? அப்படிச் சொல்ல முடியாது. அடிவாங்குவதற்கென்றே செய்த பொம்மையை அடிப்பதும் ஓர் ஆளை அடிப்பதும் ஒன்றல்ல என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது, அது நியாயமானது. பார்த்தது செயலாவதற்குக் கவனம், நினைவு, செய்யும் திறன், விருப்பம் ஆகிய நான்கும் கூட வேண்டும் என்று பண்டூராவே பின்னாளில் எழுதினார்.

பயத்தையும் பிள்ளைகள் பார்த்துக் கற்கிறார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டு நீங்கள் அலறினால் பிள்ளையும் அலறும். பயத்தைப் போக்கவும் இதே வழி உதவும். நாய்க்குப் பயந்த மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு 1967-இல் பண்டூரா குழுவினர் அதையும் சோதித்தார்கள். அவர்கள் வயதையொத்த, பயமில்லாத ஒரு சிறுவன் நாயோடு விளையாடுவதை நான்கு நாட்களில் எட்டு முறை, முறைக்கு மூன்று நிமிடம் காட்டினார்கள். நாயோடு அவன் நெருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. அதன்பின் பெரும்பாலான பிள்ளைகள் நாயிருந்த அடைப்புக்குள் தனியாக இருக்கத் துணிந்தார்கள்.

உங்கள் பிள்ளை நாய்க்கோ தண்ணீருக்கோ பயந்தால், 'பயப்படாதே' என்று இழுத்துப்போக வேண்டாம். பயமில்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாடும்போது, எட்ட உட்கார்ந்து பார்க்க விடுங்கள்.