ஆட்டக்காரர் யாருக்குச் சொந்தம்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டிகள் அக்டோபர் மாதத்தில் தொடங்கி ஜூன் மாதத்தில் முடிவடைகின்றன. கோப்பை யாருக்கு என்பது முடிவானதும் பந்து ஓய்வு கொள்கிறது. ரசிகர்கள் ஓய்வு கொள்வதில்லை. ‘நம் குழுவுக்கு இவ்வாண்டு யார் வருவார்? யாரைக் கொடுத்து யாரைப் பெறலாம்? போகிறேன் என்பவரை எவ்வளவு கொடுத்து நிறுத்தலாம்?’ என்று வீட்டிலும், கடைத்தெருவிலும், அலுவலகத்திலும் விவாதம் மூளுகிறது. ஆட்டத்தைவிட இந்தக் கணக்கிலேதான் இவர்களுக்குச் சுவை அதிகமோ என்று ஐயுறும்படி வாதாடுகிறார்கள்.

நம் நாட்டு நேயர்களுக்கும் இது முற்றிலும் புதிய செய்தி அன்று. 2008ஆம் ஆண்டில் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கிய நாள்முதல் ஆட்டக்காரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுவதை நாம் பார்த்து வருகிறோம். 2023 நவம்பரில் ஹார்திக் பாண்டியா குஜராத் அணியிலிருந்து மும்பை அணிக்கு மாற்றப்பட்டு, அதன் தலைவரும் ஆனார். அடுத்த ஆண்டு மைதானங்களில் அவருக்கு எதிராக எழுந்த கூச்சலைப் பலரும் கேட்டிருப்பார்கள். ஓர் ஆட்டக்காரர் இடம் மாறினால் ரசிகருக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? மாறும் உரிமை யாருடையது? இவ்வினாக்களுக்கு அமெரிக்கக் கூடைப்பந்தின் வரலாறு தெளிவான விடை தருகிறது.

அமெரிக்காவில் ஓர் ஆட்டக்காரர் குழு மாறுவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னர், தாமே விரும்பிய குழுவில் சேர்வது ஒரு வழி. அந்நிலையில் உள்ளவரை ‘ஃப்ரீ ஏஜெண்ட்’ என்பார்கள். நாம் கட்டற்ற ஆட்டக்காரர் என்று சொல்லலாம். ஒப்பந்தம் நடப்பிலிருக்கும்போதே, ஒரு குழு தன் ஆட்டக்காரரை மற்றொரு குழுவுக்குக் கொடுத்து வேறொருவரைப் பெறுவது மற்றொரு வழி. இதற்கு ‘டிரேடு’ என்று பெயர். பண்டமாற்று என்பதே இதற்கு ஏற்ற தமிழ்ச்சொல். முதல் வழியில் முடிவு செய்பவர் ஆட்டக்காரர். இரண்டாவதில் முடிவு செய்வது குழுவின் நிருவாகம். இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இன்று என்.பி.ஏ. என்று வழங்கும் சங்கம் 1946இல் வேறு பெயரில் தோன்றி, 1949இல் இப்பெயரைப் பெற்றது. இன்று அதில் 30 குழுக்கள் உள்ளன. தொடக்கக் காலத்தில் கட்டற்ற ஆட்டக்காரர் என்று ஒருவரும் இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும், ஆட்டக்காரர் மீதிருந்த உரிமை குழுவுக்கு முடியாது. அவர் அங்கேயே ஆட வேண்டும். இல்லையேல் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும். குழு விரும்பினால் மட்டும் அவரை எந்த ஊருக்கும் அனுப்பிவிடலாம்.

1954இல் பாஸ்டன் குழுவின் பாப் கௌஸி முன்னின்று ஆட்டக்காரர் சங்கத்தை அமைத்தார். 1964 ஜனவரியில் பாஸ்டன் நகரில் நட்சத்திர ஆட்டக்காரர்களின் சிறப்பாட்டம் நடக்கவிருந்தது. தங்கள் ஓய்வூதியக் கோரிக்கைக்கு உறுதிமொழி கிடைக்கும்வரை ஆட்டக்காரர்கள் அறையை விட்டு வெளிவர மறுத்தார்கள். உறுதிமொழி கிடைத்த பிறகே, காலந்தாழ்ந்து, ஆட்டம் தொடங்கிற்று.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1970இல், சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கார் ராபர்ட்சன் தம் பெயரிலேயே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஆட்டக்காரரை ஆயுள்முழுதும் ஒரே குழுவுக்குக் கட்டிவைப்பது, தொழிற்போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு முரணானது என்பது வழக்கின் சாரம். வழக்கு 1976இல் சமரசமாக முடிந்து, கட்டும் தளர்ந்தது. ஆனால் ராபர்ட்சன் 1974இலேயே ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தாம் போராடிப் பெற்ற உரிமையை அவர் ஒரு நாளும் அனுபவிக்கவில்லை, பின்வந்தவர்களே அனுபவித்தார்கள்.

அப்பொழுதும் முழு விடுதலை வந்துவிடவில்லை. வெளிக்குழு ஒன்று சொல்லும் சம்பளத்தைத் தானே தந்து ஆட்டக்காரரை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய குழுவுக்கு இருந்தது. பல ஆண்டுகள் ஆடியவர்களுக்கு இத்தடையும் 1988இல் நீங்கியது. அவ்வாண்டு சியாட்டில் குழுவிலிருந்து ஃபீனிக்ஸ் குழுவுக்குச் சென்ற டாம் சேம்பர்ஸ் என்பவரே முழு உரிமையுடன் இடம் மாறிய முதல் ஆட்டக்காரர்.

விடுதலை கிடைத்துவிட்டால், பணம் மிகுந்த குழுவொன்று நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொள்ளாதா என்று நேயர்கள் வினவலாம். அந்த அச்சம் நியாயமானதே. அதற்காக ஏற்பட்டதுதான் சம்பள வரம்பு. 1983இல் குழு உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் பேசி இதற்கு உடன்பட்டார்கள். 1984-85ஆம் பருவத்தில் ஒரு குழுவின் மொத்தச் சம்பள வரம்பு 36 லட்சம் டாலர். 2025-26ஆம் பருவத்தில் அது ஏறத்தாழ 15 கோடியே 46 லட்சம் டாலர்.

ரசிகர்களின் வாதம் பெரும்பாலும் இந்த எண்ணைச் சுற்றியே சுழல்கிறது. பத்தாண்டுகள் ஆடித் தேர்ந்த ஒருவருக்குச் சாதாரணமாக வரம்பில் நூற்றுக்கு 35 பங்குவரை சம்பளம் தரலாம். அதாவது 5 கோடியே 41 லட்சம் டாலர். அத்தகையவர் இருவரைச் சேர்த்துக்கொண்டால், மற்ற பதின்மூன்று பேருக்கும் சேர்த்து எஞ்சுவது 4 கோடியே 64 லட்சமே. ‘இரண்டு பெரியவர்கள் போதுமா, ஐந்து நடுத்தரத்தவர் மேலா?’ என்ற ஓயாத வாதம் இவ்வாறு பிறக்கிறது. வரம்பு இறுக்கமானதும் அன்று. தன்னிடம் ஏற்கெனவே ஆடிவருபவரை நிறுத்திக்கொள்வதற்காகக் குழு வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் குழுவின் லாரி பேர்டு என்பவரின் பெயராலேயே இவ்விலக்கு இன்றும் வழங்குகிறது. ஆனால் மிக அதிகமாகத் தாண்டிய குழுக்களுக்கு 2023ஆம் ஆண்டு ஒப்பந்தம் பல கட்டுப்பாடுகளை விதித்துள்ளது. இரண்டு ஆட்டக்காரரின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி, அதற்கு ஈடாகப் பெருஞ்சம்பளக்காரர் ஒருவரைப் பெறும் வழி அவற்றுக்கு அடைபட்டுவிட்டது.

இனிப் பண்டமாற்றுக்கு வருவோம். வரம்பைத் தாண்டிய குழு ஒருவரைப் பெற வேண்டுமானால், பெரும்பாலும் அவருக்கு நிகரான சம்பளம் உள்ளவரை அனுப்ப வேண்டும். ஆகவே ஓர் ஆட்டக்காரரின் சம்பளமே தராசில் வைக்கும் படிக்கல் ஆகிவிடுகிறது. சில வேளைகளில், ஒருவரை அவருடைய ஆட்டத்துக்காக அல்லாமல், அவருடைய ஒப்பந்தம் விரைவில் முடியப்போகிறது என்பதற்காகவே வாங்குகிறார்கள். அவர் போனதும் அச்சம்பளம் குறையும் அல்லவா? இவ்வாறு, வருவதற்கு முன்பே போவதற்காக மதிக்கப்படும் மனிதரும் உண்டு.

ஆட்டக்காரரோடு சேர்த்து மாற்றப்படும் மற்றொன்று, வருங்காலத் தேர்வு உரிமை. ஆண்டுதோறும் புதிய இளைஞர்களைக் குழுக்கள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கின்றன. அவ்வுரிமை குழுவின் விதைநெல் போன்றது. இன்றைய பசிக்கு விதைநெல்லைக் குத்தித் தின்றவர் நாளை என்ன செய்வார்? 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து குழுவின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் தம் முதற்சுற்று உரிமைகளைக் கண்டபடி கொடுத்துத் தீர்த்தார். அதன் விளைவாக, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு முதற்சுற்று உரிமையே இல்லாமல் ஒரு குழு தன்னை வெறுமையாக்கிக் கொள்ளக்கூடாது என்ற விதி பிறந்தது. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

விதியிருந்தும் பாடம் கற்றவர் சிலரே. 2013இல் புரூக்ளின் குழு, முதிர்ந்த வீரர்களான கெவின் கார்னெட், பால் பியர்ஸ் முதலியோரைப் பாஸ்டனிடமிருந்து பெறுவதற்காக, பல ஆண்டுகளின் தேர்வு உரிமைகளைக் கொடுத்தது. புரூக்ளினுக்குக் கோப்பை கிட்டவில்லை. பாஸ்டனுக்கோ அவ்வுரிமைகளின் வழியே 2016இல் ஜெய்லன் பிரவுனும், 2017இல் ஜேசன் டேட்டமும் கிடைத்தார்கள். அவ்விருவரையும் கொண்டு பாஸ்டன் 2024இல் கோப்பையை வென்றது. ‘பொறுத்திருப்போம்’ என்று வாதிடும் ரசிகர் இவ்வுதாரணத்தை எடுத்துக்காட்டத் தவறுவதில்லை.

‘பொறுக்க வேண்டாம்’ என்பாருக்கும் உதாரணம் உண்டு. 2018இல் டொராண்டோ குழு, ஒன்பது பருவங்கள் தன்னிடமே ஆடிய டெமார் டிரோசன் என்பவரைச் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துக் கவாய் லெனர்டைப் பெற்றது. லெனர்டின் ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்தது ஏறத்தாழ ஓராண்டே. அந்த ஓராண்டில், 2019இல், டொராண்டோ முதன்முறையாகக் கோப்பையை வென்றது. அடுத்த மாதமே லெனர்டு கட்டற்றவராகி லாஸ் ஏஞ்சலஸ் சென்றுவிட்டார்.

கணக்கு நோக்கில் இவையெல்லாம் சுவையான செய்திகளே. ஆனால் இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். டிரோசன் 2016இல் கட்டற்ற ஆட்டக்காரராக இருந்தார். எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம்; ஆயினும் டொராண்டோவிலேயே மீண்டும் கையெழுத்திட்டார். இரண்டே ஆண்டுகளில் அக்குழு அவரை அனுப்பிவிட்டது. பாஸ்டன் குழுவின் ஐசையா தாமஸ் செய்தியும் இத்தகையதே. 2017 ஏப்ரலில் அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்தார். மறுநாள் தாமஸ் தம் குழுவுக்காகக் களமிறங்கி ஆடினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டன் அவரைக் கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ், தம் ஒப்பந்தம் முறைப்படி முடிந்தபின், கிளீவ்லாந்திலிருந்து மயாமிக்குச் சென்றார். அதைத் தொலைக்காட்சியில் ஒரு தனி நிகழ்ச்சியாக அறிவித்தது பலருக்கு உறுத்தியது உண்மை. ஆனால் கோபம் அதோடு நிற்கவில்லை. அவர் பெயர் பொறித்த சட்டைகளை ரசிகர்கள் தெருவில் எரித்தார்கள். குழுவின் உரிமையாளர் அவரைத் துரோகி என்னும்படி பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜேம்ஸ் 2014இல் திரும்பிவந்து 2016இல் கோப்பையை வென்று தந்ததும், அதே நகரம் அவரைக் கொண்டாடியது.

குழு ஒருவரை அனுப்பினால் அது ‘தொழில்’. ஆட்டக்காரர் தாமே போனால் அது ‘துரோகம்’. இந்த இரட்டை அளவுகோலைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 2019 பிப்ரவரியில் டல்லாஸ் குழுவின் ஹாரிசன் பார்ன்ஸ், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சாக்ரமெண்டோவுக்கு மாற்றப்பட்டார். அச்செய்தி பரவியபோது அவர் டல்லாஸ் சட்டையுடன் குழுவின் பெஞ்சில் அமர்ந்திருந்தார். ஆட்டக்காரர் போனால் ஒரு பேச்சு, குழு அனுப்பினால் வேறு பேச்சா என்று அன்று பகிரங்கமாகக் கேட்டவர் லெப்ரான் ஜேம்ஸ்தான்.

ரசிகர்களையும் முழுவதும் குறைகூறுவது நியாயமன்று. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் குழு, இருபத்தைந்தே வயதான லூகா டான்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழுவுக்குக் கொடுத்து, அந்தோணி டேவிஸ் முதலியோரைப் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் அக்குழுவை இறுதிப் போட்டிவரை அழைத்துச் சென்றிருந்தார். நள்ளிரவை ஒட்டி வந்த அச்செய்தியைக் கேட்ட ரசிகர்கள் இம்முறை ஆட்டக்காரரை ஏசவில்லை. மைதானத்தின் முன் கூடி நிருவாகத்தையே எதிர்த்து முழங்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில் நிருவாகத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். மனிதரை வெறும் படிக்கல்லாக எண்ணிய கணக்கு பிழைபடும் என்பதை அந்த ரசிகர்கள் உணர்த்தினார்கள்.

பண்டமாற்றே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. சம்பள வரம்பும், தேர்வு உரிமையும், மாற்றும் இருப்பதால்தான் ஓக்லஹாமா சிட்டி போன்ற சிறிய நகரத்தின் குழு 2025இல் கோப்பையை வெல்ல முடிந்தது. விதிகள் பலவும் இரு தரப்பாரும் அமர்ந்து பேசி ஏற்றவையே. கோடிக்கணக்கில் சம்பளம் பெறுவோருக்கு என்ன குறை என்று கேட்பாரும் உண்டு. பிப்ரவரியில் மாற்றப்பட்டால், ஓரிரு நாளில் வேறு ஊரில் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, முதிய தாயின் வைத்தியம் எல்லாம் பின்னால்தான் வர வேண்டும். சம்பளம் அதிகம் என்பதால் அத்தொல்லை இல்லாமற்போய்விடாது.

தமிழ்நாட்டை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று. நம்முள் சிலர் தாமே விரும்பி நல்ல வேலை நாடி வந்தோம். சிலர் மாற்றல் உத்தரவு கைக்கு வந்த வாரத்திலேயே பெட்டி கட்டினோம். இரண்டும் பயணமே, ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஊரை விட்டுப் போனவன் ஊரை மறந்தவன் என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்புவோமா?

எனவே அடுத்த முறை ஓர் ஆட்டக்காரர் இடம் மாறினார் என்ற செய்தியைக் கேட்கும்போது, குழுவுக்கு இலாபமா நட்டமா என்ற கணக்கைத் தாராளமாகப் போடலாம். அதற்கு முன் ஒரு வினாவையும் கேட்டுக்கொள்வது நலம்: அவர் போனாரா, அனுப்பப்பட்டாரா? ஆட்டக்காரரின் உழைப்பை ஒப்பந்தக் காலம்வரை குழு பெறலாம். அவருடைய ஆட்டத்தை நாம் கண்டு மகிழலாம். ஆனால் அவர் குழுவுக்கும் சொந்தமல்லர், நமக்கும் சொந்தமல்லர்.