மருந்துச் சீட்டில் எழுதப்படாதவை

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். முதல் மூன்றும் பெரிய மருத்துவமனைகளில் கிடைத்துவிடும். நான்காவது இருக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை? அதற்கென்றே மருத்துவ சமூகப்பணி என்று ஒரு தொழில் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. மாணவி என்ற முறையில் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் களப்பணி செய்து கற்றதை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தொழில் 1895இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியோடு தொடங்கியது. பணம் கட்ட வசதியுள்ளவர்கள் இலவசச் சிகிச்சை பெறுகிறார்களா என்று விசாரிக்கத்தான் அவரை முதலில் நியமித்தார்கள். விசாரிக்கப் போன இடத்தில் தெரிந்ததெல்லாம் வறுமை. நாளடைவில் விசாரணை வேலை உதவி தேடித்தரும் வேலையாயிற்று. அதே வேலையைச் செய்து, பிறகு மருத்துவரும் ஆன சிசிலி சாண்டர்ஸ் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். உடல்வலியோடு மனம், குடும்பம், பணம் பற்றிய கவலையும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்பது அவர் கொள்கை.

நம் ஊருக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதி. எல்லை மாறியும் வழக்கம் மாறவில்லை. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, 1981இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் என்று நாடி நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து மக்கள் இன்றும் வருகிறார்கள். நோய்க்கு எல்லை இல்லை. ஆனால் ரேஷன் கார்டுக்கு உண்டு.

நான் பார்த்த ஒரு அம்மாவின் கேஸ் ஷீட்டில், ‘சிகிச்சைக்கு ஒழுங்காக வருவதில்லை’ என்று எழுதியிருந்தது. கதிர்வீச்சு சிகிச்சை வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரம் நடப்பது. இடையில் நாள் விட்டால் பலன் குறையும். ஏன் வரலைன்னு கேட்டேன். “மக்களே, அவரு பால்வெட்டுக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். என்கூட வந்தா அன்னைக்குக் கூலி இல்ல. தனியா வந்தா இங்க சொல்லுறது எனக்கு வெளங்காது” என்றார். அலட்சியம் எங்கே இருக்கிறது இதில்? கூலி, துணை, மொழி மூன்றும் அவரைத் தடுத்தன. வார நாட்களில் தங்க ஒரு தரும விடுதி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாத்தனார், மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் என்று ஏற்பாடு ஆனது. அதன்பின் அவர் ஒருநாளும் தவறவில்லை.

உதவிகள் இல்லாமல் இல்லை. தகவல்தான் போய்ச் சேருவதில்லை. சிகிச்சைக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்று வேண்டும், அவ்வளவுதான். காப்பீட்டுத் திட்டங்களில் அந்த மருத்துவமனை பட்டியலில் உள்ளதா என்பதை அட்மிஷனுக்கு முன்பே கேட்க வேண்டும். பில் வந்தபின் ஊருக்கு ஓடி வருமானச் சான்று வாங்குவது பெரும்பாடு.

இன்னொரு சிக்கல், மருந்தால் குணமாகாது என்று தெரிந்தபின் வருவது. கேரள அரசு 2008இலேயே வலிதணிப்புப் பராமரிப்புக்குத் தனிக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் வழியாக நர்சுகள் வீடு தேடிப் போகிறார்கள். டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் 2003இல் தொடங்கிய பாலியம் இந்தியா இந்நகரிலிருந்தே பணியாற்றுகிறது. ஆனால் நோயாளி களியக்காவிளையைத் தாண்டி வீடு திரும்பிவிட்டால், கேரளப் பஞ்சாயத்து நர்ஸ் அங்கே வரமாட்டார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டில் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சை உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போனால் தொடர்பு அறுபடாது. அந்த ஒரு போன் செய்யப்படாவிட்டால் கடைசி நாட்களின் வலியை அந்த வீடு தனியே சுமக்கும்.

இங்கே நம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் நாம். வாரத்தில் ஒரு காலைப்பொழுது ஒருவர், மருத்துவமனை சமூகப்பணியாளரின் அனுமதியோடு அவருக்கு உதவியாக இருக்கலாம். மலையாளத்தில் சொல்லும் மருந்து முறையைத் தமிழில் எழுதித் தரலாம். குறைந்த வாடகை விடுதிகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து வைக்கலாம். மருந்தைப் பற்றி மட்டும் நாமாக யோசனை சொல்லக் கூடாது. நோயாளி சொன்னதை வெளியே பேசவும் கூடாது.

பணம் திரட்டுவது கடினம். “கூட யாரு வந்திருக்கா? எங்க தங்கியிருக்கீங்க? வீட்டுல பிள்ளைகளை யாரு பாக்குறா?” என்று கேட்பதற்குப் பணம் தேவையில்லை. என் களப்பணி முழுவதிலும் நான் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் இவைதான். நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் படிப்பு படித்தாலும் இவற்றைக் கேட்கப் பழகட்டும்.