ஆராய்ச்சி சிஸ்டருக்கு அடுத்த படி எது?

புது மருந்துப் பரிசோதனையில் சேரச் சம்மதமா என்று நோயாளியிடம் கேட்டு, விவரங்களைச் சொல்பவர் டாக்டர். அவர் நகர்ந்ததும் நோயாளியின் மனைவி தாழ்ந்த குரலில் கேட்பது சிஸ்டரிடம்தான். "ஏம்மா, இதுல கையெழுத்துப் போட்டா எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"இஷ்டம் இல்லைன்னா வேண்டாம்னு சொல்லிடலாம்மா. நடுவுல விலகினாலும் வழக்கமான வைத்தியம் நிக்காது" என்று பொறுமையாகச் சொல்ல ஆள் வேண்டும். ஆராய்ச்சிச் செவிலியரின் வேலை அங்கே தொடங்குகிறது. குறித்த நாளில் ரத்தம் எடுப்பது, மாத்திரையை எண்ணுவது, நோயாளி வராவிட்டால் போன் போடுவது, எல்லாவற்றையும் அன்றன்றே பதிவது என்று அது நீளும். பரிசோதனையில் இருப்பவருக்கு விபரீதமாக ஏதாவது நேர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் மேலிடத்துக்குத் தகவல் போக வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதி. தகவல் தரும் பொறுப்பு டாக்டருடையது. ஆனால் முதலில் கவனிக்கும் கண் பெரும்பாலும் சிஸ்டருடையது.

இது நமக்குப் புதிதல்ல. 1956-ல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியது. சானடோரியத்தில் படுத்தால்தான் காசநோய் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம் அது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று அந்த மையம் நிரூபித்தது. நோயாளி நிஜமாகவே மாத்திரை சாப்பிட்டாரா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். குடிசை குடிசையாக நடந்த அந்தக் கால்கள் இல்லாமல் அந்த முடிவு ஏது? உலக நாடுகள் காசநோய் சானடோரியங்களை மூட வழி வகுத்த ஆய்வு அது. டாக்டர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது; வீடு வீடாகப் போனவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, செவிலியர் கல்லூரியும் இருக்கிறது. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்துப் பெண் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால், ஆராய்ச்சியும் புள்ளியியலும் அவருக்குப் பாடத்திலேயே உண்டு. ஆனால் படிப்பு முடியும்போது வீட்டில் பேசப்படுவது இரண்டு: எம்.ஆர்.பி. தேர்வு, இல்லையென்றால் வெளிநாடு. பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அரசு வேலையில் செவிலியர், கண்காணிப்பாளர் நிலை 2, நிலை 1 என்று ஏணி கண்ணுக்குத் தெரிகிறது. ஆராய்ச்சியில் அது தெரிவதில்லை. ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்கள் எடுக்கும் 'ப்ராஜெக்ட் நர்ஸ்' பணி தற்காலிகம். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. சில ஆண்டு அனுபவத்தோடு வார்டுக்குத் திரும்புபவரிடம், "அதெல்லாம் பேப்பர் வேலைதானே" என்று சொல்லிவிட்டால் அந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு?

அமெரிக்காவில் 2016-லேயே மருத்துவ ஆராய்ச்சிச் செவிலியத்தைத் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகரித்துவிட்டார்கள். இங்கே அந்த நாள் வரும்வரை மருத்துவமனைகளே செய்யக்கூடியவை உண்டு. ஆராய்ச்சி சிஸ்டரை ஆள் குறையும்போதெல்லாம் வார்டு டியூட்டிக்கு இழுக்காமல் இருக்கலாம். "இந்த நோயாளி பயந்துதான் கையெழுத்துப் போட்டார்" என்று அவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கலாம். சேர்க்கை எண்ணிக்கை குறைகிறதே என்று அவர் மேல் எரிந்து விழுவது நோயாளிக்கும் ஆபத்து. ஆய்வுக் கட்டுரையின் எழுத்தில் பங்கிருந்தால் பெயரையும் போடலாமே!

ப்ராஜெக்ட் வேலைக்கு நேர்காணல் போகும் பெண்கள் சம்பளத்தோடு இன்னும் சிலவற்றையும் கேட்டுக்கொள்வது நல்லது. திட்டம் எந்த மாதம் முடிகிறது? ஜி.சி.பி. பயிற்சி யார் தருவார்கள்? என்னென்ன பொறுப்பு பார்த்தேன் என்று விவரமாக அனுபவச் சான்றிதழ் கிடைக்குமா? கையில் அந்தச் சான்றிதழ் இருந்தால் அடுத்த திட்டத்தில் ஒருங்கிணைப்பாளராகலாம். மருந்து நிறுவனங்களுக்காகப் பரிசோதனை நடத்தும் கம்பெனிகளின் கதவும் திறக்கும். எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு, இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியக் கூட்டமைப்பு வழியாக பிஎச்.டி. செய்யும் வாய்ப்பும் இருக்கிறது.

வேலைக்குச் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளை என்.பி.டெல். தளம் வழியாக ஆன்லைனில் கற்றுக்கொடுத்து வருகிறது. கையில் இருக்கும் போனிலேயே பார்க்கலாம்.