இரத்தக்குழாய் நோயும் அயல்நாட்டு நிபுணரின் அபிப்பிராயமும்

1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், முன்னாள் பிரிட்டிஷ் மன்னரும், விண்ட்ஸர் கோமகன் என்னும் பட்டத்துடன் பாரிஸ் நகரில் வாழ்ந்துவந்தவருமான எட்டாம் எட்வர்டு, அட்லாண்டிக் மாகடலைக் கடந்து அமெரிக்காவிலுள்ள ஹூஸ்டன் நகரை அடைந்தார். அவருக்கு அப்போது வயது 70. வயிற்றின் உட்புறத்தில், முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனி ஓரிடத்தில் பலூன்போலப் புடைத்திருந்தது. டிசம்பர் 16-ஆம் தேதி அந்நகரின் மெத்தடிஸ்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் மைக்கேல் டிபேக்கி ரண சிகிச்சை செய்து, புடைத்த பகுதிக்குப் பதிலாக டாக்ரான் இழையாலான குழாய் ஒன்றைப் பொருத்தினார். கோமகன் அதன்பின் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1972-இல் தொண்டைப் புற்றுநோயால் காலமானார்.

இந்நிகழ்ச்சியில் வியப்புக்குரிய கூறு ஒன்று உண்டு. புடைத்த வயிற்றுப் பெருந்தமனியை நீக்கி மாற்றுக்குழாய் பொருத்தும் சிகிச்சையை முதன்முதலில் வெற்றியுடன் செய்தவர் டாக்டர் சார்லஸ் டூபோ என்னும் பிரெஞ்சு நிபுணர். அவர் அதைச் செய்தது 1951-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அதே பாரிஸ் நகரில். அவ்வாறாயின் பாரிஸில் கிடைக்காத எது ஹூஸ்டனில் இருந்தது? பழக்கமே எனலாம். 1,400-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இதே சிகிச்சையைச் செய்து, அதன் விளைவுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையை டிபேக்கியும் அவருடைய சகாக்களும் அந்த 1964-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தனர். (தம் முதல் டாக்ரான் குழாய்களை அவர் தம் மனைவியின் தையல் இயந்திரத்திலேயே தைத்தார் என்பது மருத்துவ மாணவர் அனைவரும் கேட்டு மகிழும் செய்தி.)

செல்வரும் அரச குடும்பத்தினரும் மேற்கொண்ட இத்தகைய பிரயாணத்தை இன்று நடுத்தரக் குடும்பங்களும் எண்ணிப் பார்க்கின்றன. இரத்தக்குழாயில் கடுமையான நோய் உண்டென்று உள்ளூர் மருத்துவர் கூறியவுடன், நிலத்தை விற்றேனும் வெளிநாட்டு நிபுணரிடம் கேட்டுவிட வேண்டும் என்று உறவினர் துடிப்பது இயல்பு. ஊரில் படித்தவர் என்ற முறையில் ஆசிரியரிடமும், சுகாதாரப் பணியாளரிடமும் அவர்கள் யோசனை கேட்பர். ஆகவே இவ்விஷயத்தின் உட்பொருளைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் பயனுடையது.

வயிற்றுப் பெருந்தமனியின் இயல்பான குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அது 3 சென்டிமீட்டரை எட்டினால் புடைப்பு எனக் கொள்வர். சுவர் வலுவிழந்த இடத்தில் இரத்த அழுத்தம் இடைவிடாது தாக்குவதால் புடைப்பு மெல்ல மெல்லப் பெருக்கும். பெருக்கப் பெருக்கச் சுவரின்மேல் விழும் இழுவிசையும் கூடும். பெரும்பாலும் நோயாளிக்கு எவ்வித உணர்வும் இராது. வேறு காரணத்திற்காக எடுக்கும் அல்ட்ராசவுண்டு பரிசோதனையில் தற்செயலாகவே இது வெளிப்படுகிறது. வெடித்துவிட்டாலோ, பெரும்பாலோர் உயிர் தப்புவதில்லை.

பொதுவாக ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 5 சென்டிமீட்டரும் சிகிச்சைக்குரிய எல்லை எனக் கருதப்படுகின்றன. இந்த எல்லை ஊகத்தால் வகுக்கப்பட்டதன்று. 4 முதல் 5.5 சென்டிமீட்டர் வரை புடைப்புள்ளவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே ரண சிகிச்சை செய்தும், மற்றப் பிரிவினரைத் தொடர்ந்து அளந்து கவனித்தும் இரு பெரும் ஆராய்ச்சிகள் நடத்தப்பெற்றன. பிரிட்டனில் 1,090 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 1998-இலும், அமெரிக்காவில் 1,136 பேரைக் கொண்டு நடந்ததன் முடிவு 2002-இலும் வெளிவந்தன. உடனே சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழவில்லை என்பதே இரண்டும் கண்ட முடிவு. எனவே 4.6 சென்டிமீட்டர் புடைப்புள்ள ஒருவரிடம் உள்ளூர் மருத்துவர், “இப்போது வேண்டாம், சில மாதங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்ப்போம்” என்று கூறினால், அவர் அசட்டையாக இருக்கிறார் என்று கொள்ளலாகாது.

இரு நிபுணர்கள் மாறுபட்டுக் கூறுவதற்கு எளிய காரணம் ஒன்றும் உண்டு. ஒரே தமனியை அல்ட்ராசவுண்டில் அளந்தால் ஓர் அளவும், சி.டி. ஸ்கேனில் அளந்தால் அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலான அளவும் வருவது வழக்கம். சுவரின் உள்விளிம்பிலிருந்து அளப்போரும் உண்டு, வெளிவிளிம்பிலிருந்து அளப்போரும் உண்டு. வளைந்து செல்லும் குழாயைச் சாய்வாக வெட்டி அளந்தாலும் அளவு பெருகும். ஒருவர் 5.2 என்றும் மற்றவர் 5.6 என்றும் எழுதியதைக் கண்டு, “ஐந்தே நாளில் வளர்ந்துவிட்டதே!” என்று குடும்பத்தார் கலங்குவது பெரிதும் தேவையற்ற துன்பம். எம்முறையில் அளந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இரண்டாம் அபிப்பிராயம் என்றதும் ‘செய்’ அல்லது ‘செய்யாதே’ என்ற இரு விடைகளையே பலர் எதிர்பார்க்கின்றனர். 1996-ஆம் ஆண்டு ரஷ்யாவில் நிகழ்ந்தது வேறு விதமானது. அந்நாட்டு ஜனாதிபதி போரிஸ் யெல்ட்ஸினுக்கு இருதயத் தமனிகளில் அடைப்பு ஏற்பட்டு, ரண சிகிச்சையை அவர் தாங்குவாரா என்ற ஐயம் எழுந்தது. இம்முறை நோயாளி பிரயாணம் செய்யவில்லை. 88 வயதாகிய டிபேக்கியே மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டார். சிகிச்சை செய்யலாம், ஆனால் சில வாரங்கள் பொறுத்து, உடலைத் தேற்றிய பின் செய்ய வேண்டும் என்பது ஆலோசனையின் முடிவு. நவம்பர் 5-ஆம் தேதி, ரஷ்ய நிபுணரான டாக்டர் ரெனாட் அக்சூரின் தலைமையில், மாஸ்கோவிலேயே ஐந்து பைபாஸ் இணைப்புகள் செய்யப்பட்டன. அயல்நாட்டு நிபுணர் கத்தியைத் தொடவில்லை, உடனிருந்து கவனித்தார். யெல்ட்ஸின் 2007 வரை வாழ்ந்தார்.

நோயாளியின் விருப்பமும் இதில் ஓர் அங்கமே. மாற்றுக்குழாய் பொருத்தும் முறை தோன்றுமுன், 1948-இல், ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் பெருந்தமனிப் புடைப்பைச் செல்லோபேன் தாளால் சுற்றி வலுப்படுத்தினார் டாக்டர் ருடால்ஃப் நிஸன். ஆறாண்டுகளுக்கு மேல் அது தாங்கியது. 1955 ஏப்ரலில் புடைப்பு கசியத் தொடங்கியபோது, நியூயார்க்கிலிருந்து வந்த மற்றொரு நிபுணர் ரண சிகிச்சை செய்யலாம் என்றார். ஐன்ஸ்டீன் உடன்படவில்லை, 18-ஆம் தேதி காலமானார்.

அயல்நாட்டில் எல்லா நோய்களையும் நம்மவரைவிட மிகுதியாகக் கண்டிருப்பர் என்று எண்ணுவதும் தவறு. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டகாயாசு 1908-இல் விவரித்ததும், அவர் பெயராலேயே வழங்குவதுமான பெருந்தமனி அழற்சி நோய், பெரும்பாலும் இளம் பெண்களைப் பற்றுவது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது அரிது. இந்தியாவிலும் ஜப்பானிலும் அதைவிட மிகுதி. அதைக் கண்டறியும் விதிகளை 1996-இல் திருத்தி அமைத்தவர்களும் இந்திய மருத்துவர்களே. ஒரு கையில் நாடி துடிக்காத இளம்பெண்ணை மேலைநாட்டுக்கு அழைத்துச் செல்வது, பலமுறை கண்டவரை விட்டு, சில முறையே கண்டவரை நாடுவதாகவும் முடியலாம். வேலூர், சண்டிகர், திருவனந்தபுரம், டில்லி ஆகிய நகரங்களின் பெரிய மருத்துவ நிலையங்களில் கேட்ட பின்னரே அந்த யோசனை எழவேண்டும்.

அபிப்பிராயம் மட்டும் வேண்டுவோர் இக்காலத்தில் கப்பலோ விமானமோ ஏற வேண்டியதில்லை. படங்களை அனுப்பினாலே போதும். ஆனால் எதை அனுப்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். பெரிய உறையிலிட்டுத் தரப்படும் ஸ்கேன் பிலிமில், எடுத்த நூற்றுக்கணக்கான படங்களுள் தேர்ந்த சில மட்டுமே அச்சாகியிருக்கும். அதனைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பினால் நிபுணர் அளக்க இயலாது. முழுப் படத்தொகுதியும் அடங்கிய குறுந்தகட்டைக் கேட்டுப் பெறல் வேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, இருதயத்தின் எக்கோ பரிசோதனை, உட்கொள்ளும் மருந்துகள், புகைபிடிக்கும் பழக்கம், முந்தைய அளவுகள் அவற்றின் தேதிகளுடன், இவையனைத்தும் உடன் செல்ல வேண்டும். மருத்துவக் குறிப்புகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டுமென்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் கூறுகின்றன. இரண்டாம் அபிப்பிராயம் நாடுவதும் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகளின் உரிமைச் சாசனத்தில் இடம்பெற்றுள்ளது. ஆகவே உள்ளூர் மருத்துவர் மனம் நோவாரோ என்று மறைத்துச் செய்யத் தேவையில்லை. அவருக்குத் தெரிந்தே செய்தால், கேட்க வேண்டிய கேள்வியை அவரே தெளிவாக எழுதித் தருவார்.

இவ்வளவும் அவகாசம் உள்ளவர்களுக்கே பொருந்தும். புடைப்பு இருப்பதாக முன்பே அறிந்தவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி தோன்றினாலும், மயக்கமும் வியர்வையும் கண்டாலும், கை கால் சட்டெனக் குளிர்ந்து வெளுத்து மரத்துப்போனாலும், இரண்டாம் அபிப்பிராயத்திற்கு நேரமில்லை. இரத்தக்குழாய்ச் சிகிச்சை வசதியுள்ள அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும். அந்நிலையில் விமானப் பிரயாணம் பற்றிப் பேசுவதே ஆபத்து.

வெளிநாட்டிலேயே சிகிச்சை பெற முடிவு செய்வோர், திரும்பி வந்த பின் நிகழவேண்டியதையும் கணக்கிட வேண்டும். 1990-இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் டாக்டர் ஹுவான் பரோடி வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே உறைகுழாயைச் செலுத்திப் புடைப்பின் உள்ளே பொருத்திக் காட்டினார். இன்று பலருக்கு இம்முறையே கையாளப்படுகிறது. நோயாளி சில நாட்களில் நடமாடத் தொடங்குவார். ஆனால் குழாய் நழுவுகிறதா, அதன் ஓரத்தில் இரத்தம் கசிகிறதா என்பதை ஆயுள் முழுவதும் குறித்த காலத்தில் பரிசோதித்துவர வேண்டும். அப்பரிசோதனையைச் செய்யப்போகிறவர் சொந்த ஊருக்கு அருகிலுள்ள மருத்துவர்தாம். பொருத்திய குழாயின் வகை, நீளம், குறுக்களவு, பொருத்திய தேதி ஆகியவை எழுதப்பெற்ற அட்டையையும், சிகிச்சைக்குப்பின் எடுத்த முதல் ஸ்கேன் தகட்டையும் வாங்காமல் அயல்நாட்டு ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படலாகாது.