ஜீன்ஸில் இருக்கும் குட்டி பாக்கெட் எதுக்கு? 150 வருஷத்துக்கு முந்தைய கதை!

ஜீன்ஸ் பேன்ட்டின் வலது பக்க பாக்கெட்டுக்குள் இன்னொரு குட்டி பாக்கெட் இருக்கும். ரெண்டு விரல்கூட முழுசா நுழையாது. சில்லறை போட, பஸ் டிக்கெட் வைக்க, பென் டிரைவ் செருக என ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். உண்மையில் அது எதற்காகத் தைக்கப்பட்டது?

கடிகாரத்துக்காக!

19-ஆம் நூற்றாண்டில் கைக்கடிகாரம் ஆண்களிடம் பரவவில்லை. சங்கிலி கோத்த பாக்கெட் வாட்ச்தான் இருந்தது. அமெரிக்காவில் சுரங்கத்திலும் மரம் வெட்டும் இடங்களிலும் உழைத்தவர்கள், அதைப் பெரிய பாக்கெட்டில் போட்டால் ஆணி, கருவிகளோடு உரசி உடைந்துவிடும். அதனால்தான் வாட்ச் ஆடாமல் அசையாமல் இருக்க இறுக்கமான தனி பாக்கெட். இன்றும் அதன் பெயர் 'வாட்ச் பாக்கெட்'தான்.

செம்புப் பொட்டு எதற்கு?

பாக்கெட் ஓரத்தில் இருக்கும் செம்புப் பொட்டுகளுக்குப் பெயர் ரிவெட். இது அழகுக்காக வந்தது இல்லை. நெவாடா மாநிலம் ரீனோ நகரில் தையல்காரராக இருந்தவர் ஜேக்கப் டேவிஸ். மரம் வெட்டும் தன் கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று ஒரு பெண் அவரிடம் கேட்டார். அடிக்கடி கை விட்டு எடுப்பதாலும் பாரம் தாங்குவதாலும் பாக்கெட் மூலைதான் முதலில் பிரியும். குதிரைப் போர்வைகளுக்கு அடித்துக்கொண்டிருந்த செம்பு ரிவெட்டை டேவிஸ் அந்த மூலையில் அடித்தார். பேன்ட் தாங்கியது, ஆர்டர்கள் குவிந்தன.

காப்புரிமைக்குத் தனியாகச் செலவு செய்ய அவருக்கு வழியில்லை. தனக்குத் துணி சப்ளை செய்த லெவி ஸ்ட்ராஸுக்கு 1872-ல் கடிதம் எழுதினார். இருவரும் கைகோத்தனர். 1873 மே 20-ல் கிடைத்தது காப்புரிமை எண் 1,39,121.

பின்பக்க ரிவெட் எங்கே போச்சு?

முதலில் பின் பாக்கெட்டிலும் ரிவெட் இருந்தது. உட்காரும்போது நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுவதாகப் புகார்கள் வர, 1937-ல் அதைத் துணியால் மூடினார்கள். பிறகு எடுத்தே விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நெருக்கமான தையல்தான். இரண்டாம் உலகப் போரில் உலோகத்தை மிச்சம் பிடிக்க, குட்டி பாக்கெட் ரிவெட்டும் கொஞ்ச காலம் காணாமல் போனது.

கைக்கடிகாரம் வந்தது, அப்புறம் செல்போனும் வந்தது. வேலை போன பிறகும் அந்தக் குட்டி பாக்கெட் மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. அடுத்த முறை அதில் சில்லறை தேடும்போது, ஒரு தொழிலாளியின் கடிகாரம் இருந்த இடம் அது என்பது ஞாபகம் வரட்டும்!