வழிபாட்டுத் தலங்களின் பாதுகாப்பு: வாசலில் துப்பாக்கி மட்டும் போதுமா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பையுடன் வந்த ஒருவரை அங்கிருந்தவர்கள் விசாரித்தனர், உள்ளே விடவில்லை. அவர் வெளியிலேயே குண்டை வெடிக்க வைத்தார். 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் 14 பேர் சிறுவர்கள். உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தனர்.

தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிடமிருந்து கிடைத்திருந்தது. அது மக்களைச் சென்றடையவில்லை. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன உள்ளிட்டோர் கடமை தவறியதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு செலுத்த உத்தரவிட்டது. அரசின் பொறுப்பு அரசினுடையதே. ஆனால், முதல் சில நிமிடங்களில் அருகில் இருப்பவர்கள் வழிபட வந்தவர்கள்தான்.

அமெரிக்காவின் ஓக் கிறீக் நகரில் 2012 ஓகஸ்ட் 5ஆம் திகதி சீக்கியரின் குருத்துவாராவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வெளியே நின்ற இரு சிறுவர்கள் ஓடிவந்து எச்சரித்ததால் பலர் உள்ளறையில் ஒளிந்து தப்பினர். மறுஆண்டே வழிபாட்டுத் தலங்களுக்கான அவசரகாலத் திட்ட வழிகாட்டி ஒன்றை அந்நாட்டு அரசு வெளியிட்டது.

நமது கோவில், தேவாலயம், பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் பெரிய செலவின்றிச் சிலவற்றைச் செய்யலாம்.

வழிபாட்டு நேரத்தில் எந்த வெளியேறும் கதவும் பூட்டியிருக்கக் கூடாது. வாகனங்கள் வழியை மறிக்கக் கூடாது. அறநெறி வகுப்பு, ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் வரவுப் பதிவேடும், வெளியேறியபின் அவர்களைக் கூட்டி எண்ணும் இடமும் வேண்டும். ஒவ்வொரு சபையிலும் சிலராவது முதலுதவி பயில வேண்டும். இரத்தம் பெருகும் காயத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிப்பதே முதல் வேலை. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கங்கள் சுவரில் இருக்கட்டும். வெடிப்பு நடந்த இடத்தில் கூட்டம் கூடக் கூடாது. இன்னொரு குண்டும் இருக்கலாம்.

இந்தப் பயிற்சி குண்டுக்கு மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்ததும் ஒரு ஞாயிறு காலையில்தான். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடி, கல்லடிப் பகுதிகளில் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை முன்கூட்டியே நடந்து பார்த்திருக்க வேண்டும்.

வாசலில் நிற்பவர் எல்லோரையும் வரவேற்று, எல்லோரிடமும் ஒரேவிதமாக விசாரிக்கட்டும். உடையையோ பெயரையோ வைத்துச் சந்தேகிப்பது பாதுகாப்பல்ல. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையின்போது நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட மண் இது. அயல் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தொலைபேசி இலக்கங்களைப் பகிர்ந்து, ஆண்டுக்கொருமுறையாவது சேர்ந்து ஒத்திகை பார்த்தால், ஆபத்தில் முதலில் ஓடிவருபவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார்.