ஏற்காட்டில் எதை விற்கலாம்?

விளையாட்டு அறிவியல் மாணவர்கள் சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். என்ன தொழில் என்று கேட்டால் பேச்சு ஜிம்மில் போய் நின்றுவிடுகிறது. ஜிம் வைத்தால் வாடகை, மெஷின்களுக்குத் தவணை. அதைக் கட்டப் புரோட்டீன் பவுடர் வியாபாரம். தசை எப்படிச் சுருங்குகிறது, இதயம் எப்படி ஈடுகொடுக்கிறது என்று வருடக்கணக்கில் படித்த பிள்ளை, கடைசியில் டப்பா விற்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வேறு வழி இருக்கிறது. ஆனால் அங்கேயும் ஒரு பொய் காத்திருக்கிறது. அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

ஏற்காட்டின் உயரம் சுமார் 1,515 மீட்டர். மலைவாசத்தலம் என்றாலே ‘உயரத்தில் பயிற்சி எடுத்தால் ரத்தம் ஊறும், ஸ்டாமினா கூடும்’ என்று கேம்ப் போட்டுப் பணம் வாங்க ஆசை வரும். 1968 ஒலிம்பிக் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் மெக்சிகோ சிட்டியில் நடந்ததையொட்டித்தான் உலகம் இந்த விஷயத்தைத் தீவிரமாக ஆராயத் தொடங்கியது. நம்ம ஊட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். சிவப்பணுக்கள் குறிப்பிடும்படி கூட வேண்டுமென்றால் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல், மூன்று நான்கு வாரம் தங்க வேண்டும். ஏற்காட்டில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 84 சதவீதம். வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை இறங்குகிறவருக்கு இதனால் ரத்தத்தில் ஒன்றும் நடக்காது. இது படித்தவருக்குத் தெரியும். தெரிந்தே விற்றால் பவுடர் டப்பாவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மலை உண்மையாகவே தருவது குளிர்ச்சி. சித்திரை வெயிலில் சேலம் வேகும்போது மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். வெப்பத்தில் ஓடும்போது இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு எகிறும். குளிர்ந்த இடத்தில் அதே பிள்ளை இன்னும் அதிக தூரம் ஓடலாம். கோடை முகாமை இந்தக் காரணத்தைச் சொல்லியே நடத்தலாம். ஒருவருக்குக் கீழேயும் மேலேயும் ஒரே வேகத்தில் நாடித்துடிப்பை அளந்து காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், விளம்பரம் தேவைப்படாது.

அடுத்தது சரிவு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். விடியற்காலையில் சைக்கிளிலும் காலிலும் ஏறுகிறவர்கள் உண்டு. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான், வினையெல்லாம் இறங்கும்போது. தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதால் நுண்ணிய சிதைவு ஏற்படும். வலி உடனே வராது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கியவர் செவ்வாய்க்கிழமை மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவார். இறக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் இது வெகுவாகக் குறையும். அப்படிப் பழக்கிவிடுவதே ஒரு தொழில். (காயத்துக்குச் சிகிச்சை பிசியோதெரபிஸ்டின் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது.)

இவர்களைவிடப் பெரிய வாடிக்கையாளர் கூட்டம் கீழே இருக்கிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். சுற்றுக்கு எவ்வளவு நேரம், எந்த இடத்தில் வேகம் விழுகிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஸ்டாப்வாட்ச், நெஞ்சில் கட்டும் நாடித்துடிப்பு பெல்ட், படித்த கண்கள் இரண்டு, இவ்வளவுதான் முதலீடு. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு, பெரியவடகம்பட்டிக்காரர். இதே சேலம் மாவட்டம். திறமையுள்ள பிள்ளைகளுக்குக் குறைவில்லாத ஊரில், அளந்து சொல்ல ஆள் வேண்டும்.

பணத்துக்கு என்ன செய்வது? தமிழக அரசின் ‘நீட்ஸ்’ திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. ஆனால் அது 10 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட தொழில்களுக்கு. நாம் பேசுவது ஐம்பதாயிரத்துக்குள் முடிகிற கணக்கு. மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் வரும் ‘சிசு’ கடனே போதும், அதற்குப் பிணை கேட்கக் கூடாது. பெரிய தொகை கிடைக்கிறதே என்று பெரிதாகத் திட்டம் போட்டால் மறுபடி ஜிம், மறுபடி மெஷின், மறுபடி டப்பா.

பி.டி. மாஸ்டர் வேலைக்குக் காத்திருப்பதே மேல், மாதச் சம்பளம் உறுதி என்கிறார்கள் பெற்றோர். அதிலும் நியாயம் இருக்கிறது.

காட்டுப் பாதையில் ஆட்களை அழைத்துப் போகிற யோசனை இருந்தால் அவசரம் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். அதன் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. இந்த மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிக் கூலிக்கு வைக்காமல் பங்காளியாகச் சேர்க்கலாம். பாதை அவர்களுக்குத் தெரியும், நாடித்துடிப்பு மாணவருக்குத் தெரியும்.

கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று பழைய ஆய்வேட்டையே புது அட்டை போட்டு வாங்காமல், இருபது பேரைக் கட்டணம் வாங்கி அளந்த ரசீது புத்தகத்தையும், அவர்களின் மூன்று மாத அளவுகளையும் கேளுங்கள். முன்னேற்றம் இல்லாதவர்களின் அளவும் அதில் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.